மிலிட்டரி மாமாவும் இரண்டு அதிகாரிகளும்

அவர் பட்டாளத்துக்குப் போனதே தப்பான வரிசையில் நின்றதால்தான். விதைச் சோளம் வாங்கிவா என்று அப்பா காசும் ஒரு காலிச் சாக்கும் கொடுத்து டவுனுக்கு அனுப்பினார். மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வயது. டவுனில் ஒரு கட்டடத்துக்கு முன்னால் ஊரே திரண்டதுபோல் வரிசை நின்றது. இவரும் சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய் நின்றார். எடை பார்த்தார்கள். மார்பை அளந்தார்கள். பல்லைக் காட்டச் சொன்னார்கள். விதைக்கே இவ்வளவு கெடுபிடி என்றால் சரக்கு உசத்தியாகத்தான் இருக்கும் என்று ஈயென்று காட்டினாராம். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். சாயங்காலம் ரயிலில் ஏற்றிய பிறகுதான், விதை எப்போது தருவீர்கள் என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டாராம்.

ஏழெட்டு வருடம் கழித்து, ஒரு சண்டையையும் பார்த்து முடித்து, இடது காது மந்தமாகி ஊர் திரும்பினார். வருகிற வழியில் மறக்காமல் விதைச் சோளம் வாங்கி வந்தார். அவருடைய அப்பா வாசலில் நின்று மகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டாராம்.

இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அளப்பு என்று அவருடைய மருமகளுக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வரிசை நீண்டுகொண்டே போகும். கடைசியாக அவர் சொன்ன கணக்குப்படி வரிசை மூன்று தெரு தாண்டி ரயில்வே கேட்டைத் தொட்டிருந்தது. "மாமா, போன வாரம் ரெண்டு தெருதான் இருந்துச்சு" என்று அவள் சொன்னால், இடது காதைத் திருப்பிக்கொள்வார். அந்தக் காது எப்போது கேட்கும், எப்போது கேட்காது என்பது அவர் இஷ்டம்.

ஊரில் அவருக்குப் பெயர் மிலிட்டரி. மிலிட்டரி வீடு, மிலிட்டரி வயல், மிலிட்டரி மாடு. மருமகளாகிப் போனதால் அவள் மிலிட்டரி மருமகள். மாமியாரை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் இருந்தது மாமாவும், பஸ் கண்டக்டரான புருஷனும் மட்டும்தான். நாத்தனார் அதற்கு முன்பே டவுனில் தையல் கடை போட்டுக் குடும்பமும் அங்கேயே என்று ஆகிவிட்டிருந்தாள்.

வந்த மறுநாள் காலையை அவள் சாகிறவரை மறக்கமாட்டாள். விடிந்தும் விடியாமலும் விசில் சத்தம். தீப்பிடித்துவிட்டதா, திருடன் வந்துவிட்டானா என்று அலறியடித்து எட்டிப் பார்த்தால், முற்றத்தில் மாமா ஆணியடித்தது மாதிரி நிற்கிறார், புருஷன் பல்விளக்காத வாயோடு அவருக்கு எதிரே நிற்கிறார். ஆள் எண்ணிக்கை எடுக்கிறார்களாம்! இருப்பதே மூன்று பேர். புது மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, வரிசையில் நின்று, அந்தக் கரண்டிக் கையாலேயே ஒரு சல்யூட் அடித்துவிட்டாள். கரண்டியில் இருந்த கஞ்சி நெற்றியில் வழிந்தது.

மாமா சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ முயன்றார். உதட்டைக் கடித்தார், வானத்தைப் பார்த்தார். கடைசியில் தாங்காமல் முற்றத்திலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் பெயர் ரெக்ரூட். ரெக்ரூட், தண்ணி கொண்டா. ரெக்ரூட், இந்தச் சோளத்தைப் பார்த்துச் சொல்லு, அறுக்கலாமா? இந்தக் கேள்விதான் அவளை அந்த வீட்டில் பிடித்துவைத்தது. பிறந்த வீட்டில் யாரும் அவளை எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. இவர் கேட்டார். அவள் வேண்டாம் என்று சொன்னால் அறுக்கவும் மாட்டார்.

இப்போது மாடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் எப்போதும் ஒரு ஜோடிதான் வைத்திருப்பார். பெயர் எப்போதும் கேப்டன், மேஜர். ஒரு கேப்டனுக்கு வயதாகிவிட்டால் அடுத்து வருவதும் கேப்டன்தான். புதிதாக வருவதைப் பழைய மேஜரோடு நுகத்தில் பூட்டிவிட்டால் அது பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்ளும். பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க ஒரு கேப்டனும் ஒரு மேஜரும் அவரை விரட்டு விரட்டென்று விரட்டினார்களாம். மிச்சக் காலத்துக்கு நான் அவங்களை விரட்டறேன் என்பார்.

விரட்டவெல்லாம் இல்லை. அவர் கையில் குச்சி இருந்து யாரும் பார்த்ததில்லை. வயலின் தலைமாட்டில் கலப்பையைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார். "ஸ்க்வாட்! குயிக் மார்ச்!" என்று ஒரு குரல் கொடுப்பார். நாலு வயலுக்கு அந்தப் பக்கம் கொக்குகள் எழும்பிப் பறக்கும். மாடுகள் நடக்கும். சால் முடிகிற இடத்தில் "ஹால்ட்!" என்பார், நிற்கும். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வயல்காரர் தன் மாடுகளுக்கும் அதே கட்டளையைக் கத்திப் பார்த்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் மூக்குப்பொடி. மருமகளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. துண்டெல்லாம் கறை, தலையணையெல்லாம் கறை. இடுப்பில் எப்போதும் ஒரு தகர டப்பா. தும்மல் என்றால் சாதாரணத் தும்மலா? தட்டு முட்டுச் சாமான் எல்லாம் கிடுகிடுக்கும். ஒருநாள் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தபோது, சண்டை எப்படி மாமா இருந்தது என்று அவள் சும்மாதான் கேட்டாள். அன்றைக்கு வலது காது, இடது காது இரண்டுமே நன்றாகக் கேட்டது.

"பயமா இருந்துச்சும்மா" என்றார். "வேற ஒண்ணும் இல்ல. நல்லா பயந்தேன்."

பதுங்கு குழியில் பக்கத்தில் இருந்தவன்தான் பொடியைப் பழக்கினானாம். நாற்றம் தெரியாமல் இருக்கும், போடு என்றானாம். போட்டாகிவிட்டது, ஆனால் தும்ம முடியாது. சத்தம் கேட்டால் அத்தனை பேரும் காலி. மூக்கைப் பிடித்து, வாயில் துணியை அடைத்து, கண் பிதுங்க அடக்கினார்களாம். பொடி கொடுத்தவன் திரும்பி வரவில்லை.

"அங்க அடக்கி வெச்சதையெல்லாம்தான் இங்க வந்து தும்மித் தீர்க்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒன்று போட்டார் பாருங்கள், முறத்தில் இருந்த சோளம் பாதி பறந்தது. அதற்குப் பிறகு அவள் பொடியைப் பற்றி மூச்சு விடவில்லை. டப்பா காலியானால் அவளே நிரப்பிவைப்பாள்.

தொண்ணூறைத் தாண்டி ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். முந்தின வாரம் வரைக்கும் உழுத மனிதர். படுக்கவில்லை, பாயில் கிடக்கவில்லை, ஒருத்தருக்கும் தொந்தரவு தரவில்லை. கூடப் பணியாற்றிய கிழவர்கள் இரண்டு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் விறைப்பாக சல்யூட் அடித்தார், தூக்கிய கை கீழே இறங்கவில்லை, தோள்பட்டை பிடித்துக்கொண்டுவிட்டது. இன்னொருவர் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார். அழுதுகொண்டிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. மாமா இருந்திருந்தால் நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்திருப்பார். மருமகளுக்கு அழவும் நேரமில்லை, சிரிக்கவும் நேரமில்லை. வந்தவர்களுக்கு டீ போட்டே கை ஓய்ந்துபோனது.

மழை பெய்தது. மண் பதமாக இறங்கியது. அப்போதுதான் பேச்சு ஆரம்பித்தது.

மிலிட்டரி வயல் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் குறுகலான துண்டுகள். டிராக்டர் திரும்பவே இடமில்லை. மாடு இல்லாவிட்டால் அங்கே உழவு இல்லை, உழவு இல்லாவிட்டால் வயல் இல்லை. வயலில் பாதி நாத்தனார் பேரில். அவள் கெட்டவள் இல்லை. உனக்கும் ஐம்பது தாண்டியாச்சு, தம்பி பாதி நாள் பஸ்ஸிலேயே கிடக்கிறான், நீ ஒண்டியாக இந்தச் சரிவில் ஏறி இறங்கிக் காலை உடைத்துக்கொள்ளப் போகிறாயா என்று நியாயமாகத்தான் கேட்டாள். மாட்டை விற்றுவிட்டு வயலைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றாள். தரகரிடம் பேசியும் வைத்துவிட்டாள்.

மருமகளுக்குப் பகீரென்றது. வீட்டுக்குள் அவளுக்கு என்ன இருக்கிறது? நாலு பாத்திரம், ஒரு ஜன்னல். வயலில் இறங்கினால்தான் அவளுக்கு மூச்சே வரும். எந்தத் துண்டில் ஈரம் முதலில் காயும், எங்கே கல் கிடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதைப் போய் இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதா? நான் உழறேன் அண்ணி என்று சொல்லிவிட்டாள்.

நாத்தனார் ஒரு நிபந்தனை போட்டாள். "சரி. மாடு உன் பேச்சைக் கேட்டு நடந்தா வெச்சுக்கோ. நடக்கலைன்னா தரகர் ஓட்டிட்டுப் போகட்டும். அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது."

அதில்தான் வினையே. மாடுகள் நடக்கவில்லை. கட்டளை அவளுக்கு மனப்பாடம். மாமாவைப் போலவே விறைப்பாக நின்று, "ஸ்க்வாட்! குயிக் மார்ச்!" என்று கத்தினாள். மேஜர் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அசைபோட ஆரம்பித்தது. குரலைத் தடிமனாக்கிக் கத்தினாள். கீச்சென்று கத்தினாள். கெஞ்சினாள், கொஞ்சினாள், வெல்லம் கொடுத்தாள். வெல்லத்தைத் தின்றன. குட்டிக்கரணம் போட்டாலும் அசையமாட்டோம் என்று நின்றன.

புருஷனுக்கு மாடென்றாலே சின்ன வயதிலிருந்து உதறல். அந்தக் காலத்து மேஜர் ஒன்று அவருடைய ஒரே நல்ல சட்டையை மென்று தின்றதோடு அந்த உறவு முறிந்துவிட்டது. ஆனாலும் பெண்டாட்டி படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், லீவு நாளில் கண்டக்டர் விசிலை எடுத்துக்கொண்டு வந்தார். பத்தடி தள்ளி நின்று, 'போலாம்' என்பதற்கு ஊதுகிறபடி ரெண்டு ஊதினார். கேப்டன் படுத்துக்கொண்டது. பக்கத்து வயல்காரர் உதவிக்கு வந்து குச்சியால் லேசாகத் தட்டினார். மேஜரும் படுத்துக்கொண்டது. நுகத்தோடு இரண்டும் படுத்துக் கிடக்க, மூன்று மனிதர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். மிலிட்டரி குரலுக்குப் பழகின மாடு, வேற யாருக்கும் மசியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பக்கத்து வயல்காரர் போய்விட்டார். ஊர் முழுக்க அதே தீர்ப்புதான். மறுநாள் தரகரோடு வருகிறேன் என்று நாத்தனார் போன் பண்ணினாள்.

விடிந்தது. தொண்டை கட்டிப்போய், மனசும் விட்டுப்போய், மருமகள் கொட்டகைக்குப் போனாள். கடைசி வேளைத் தீவனமாவது வயிறு நிறையப் போடுவோம் என்று தவிட்டுச் சாக்கை உதறினாள். தூசி மூக்கில் ஏறியது. அச்சென்று ஒரு தும்மல்.

தடாரென்று சத்தம். மாடுகள் இரண்டும் ஒரே நேரத்தில் முன்னால் பாய்ந்து, கட்டியிருந்த கயிறு விறைத்து, தீவனத் தொட்டியில் முட்டிக்கொண்டு நின்றன.

அவள் சாக்கைக் கீழே போட்டாள். மாடுகளைப் பார்த்தாள். ஒரு வைக்கோலை எடுத்து மூக்குக்குள் விட்டுத் திருகினாள். இன்னொரு தும்மல். இன்னொரு தடார்.

அடக் கடவுளே! மாமா என்ன செய்வார்? விறைப்பாக நிற்பார். கட்டளை கொடுப்பார். பிறகு டப்பாவைத் தட்டி, ஒரு சிமிட்டா எடுத்து, உறிஞ்சி, உலகமே அதிரத் தும்மிவிட்டுக் கலப்பையை அழுத்துவார். இத்தனை வருடமும் அந்த மாடுகள் தும்மலுக்கு நடந்திருக்கின்றன! சால் முடிவில் நின்றதும் ஹால்ட்டுக்கு இல்லை. துண்டை எடுத்துச் சங்கு ஊதுவதுபோல் மூக்கைச் சிந்துவாரே, அதற்கு. கட்டளையும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஊரே கைதட்டியது, வெளியூர்க்காரன் பஸ்ஸை விட்டு இறங்கினான், எல்லாம் ஒரு மூக்குக்கு. மருமகள் சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டது. இது மாமாவுக்குத் தெரியுமா தெரியாதா என்பது அடுத்த சந்தேகம். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார், அது மட்டும் நிச்சயம்.

தரகரும் நாத்தனாரும் வந்தபோது மாடுகள் நுகத்தில் தயாராக நின்றன. மருமகள் இடுப்பில் பொடி டப்பா. தரகர் மாட்டின் பல்லைப் பார்க்கப் போனார், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று அவள் சொன்னாள். எதிர்வரப்பில் போய் ஒதுங்கி நின்றார்.

கட்டளையை விட்டுவிடலாம்தான். ஆனால் மாமாவுக்கு ஒரு மரியாதை இருக்கிறதே. கட்டின தொண்டையோடு "ஸ்க்வாட்! குயிக் மார்ச்!" என்று முழங்கினாள். மாடுகள் வழக்கம்போல் வாலை ஆட்டின. தரகர் சிரித்தார். அவள் டப்பாவைத் திறந்து ஒரு சிமிட்டா எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, உறிஞ்சினாள்.

மண்டைக்குள் மத்தாப்பு வெடித்தது. முதல் தும்மலில் மாடுகள் கிளம்பின. இரண்டாவது தும்மலில் நடை விரைந்தது. ஆனால் அவள் எடுத்த அளவு ஒரு சிமிட்டா இல்லை, மாமா ஒரு வாரத்துக்குப் போடுகிற அளவு. மூன்று, நான்கு, ஐந்து என்று நிற்காமல் வருகிறது தும்மல். ஒவ்வொன்றுக்கும் கேப்டனும் மேஜரும் இன்னும் கொஞ்சம் வேகம் எடுக்கிறார்கள். உழவா அது, பந்தயம்! மண் இரண்டு பக்கமும் தெறிக்கிறது. அவள் கலப்பையைப் பிடித்திருக்கிறாளா, கலப்பை அவளைப் பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை. நிறுத்த வேண்டுமென்றால் மூக்கைச் சிந்தவேண்டும், சிந்தவேண்டுமென்றால் கை வேண்டும், இரண்டு கையும் மேழியில். எதிர்வரப்பில் நின்ற தரகர் என்னமோ கத்திக்கொண்டு பக்கத்து வயலுக்குள் குதித்தார். கடைசி நொடியில் அவள் தோள்பட்டையில் மூக்கை அழுத்தி, வெட்கத்தை விட்டு, ஊதினாள். மாடுகள் இரண்டும் வரப்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் டக்கென்று நின்றன.

திரும்பிப் பார்த்தாள். சால் நூல் பிடித்தது மாதிரி இல்லை. ஆனால் ஆழமாக, ஈரமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் போட்டிருந்தது.

நாத்தனார் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடிவந்தாள். மருமகளின் முகம் முழுக்கத் தண்ணீர். கண்ணிலும் மூக்கிலும் அருவியாகக் கொட்டுகிறது, உடம்பு குலுங்குகிறது.

"பொடியா?"

"இல்ல அண்ணி" என்றாள் அவள். "அழறேன். மாமா இல்லைல்ல."

நாத்தனார் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பா செத்த அன்றைக்கு அத்தனை பேரையும் தேற்றியவள், ஆகவேண்டிய காரியம் எல்லாம் நின்று பார்த்தவள், அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தம்பி பெண்டாட்டியின் இடுப்பில் இருந்த டப்பாவை எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று அவளுக்கே தெரியாது. மூடியைத் திறந்தாள். குனிந்தாள். கிட்டப் போனதுமே அந்த நெடி வந்து அடித்தது. தூக்கி வைத்துக் கொஞ்சும்போது அப்பாவின் சட்டையில் அடிக்குமே, அதே நெடி.

"அப்பா" என்றாள். அறுபது வயதுப் பெண், தையல் கடையில் நாலு பேரை வேலை வாங்குகிறவள், வரப்பில் நின்று சின்னப் பிள்ளைபோல் உதட்டைப் பிதுக்கினாள். விம்மி மூச்சை இழுத்தாள், பொடியும் கூடவே போய்விட்டது. அப்புறம் அவள் போட்டாள் பாருங்கள் ஒரு தும்மல்! அது மருமகளின் தும்மல்போல் அச்சென்று உடைந்து போகிற தும்மல் இல்லை. அடிவயிற்றிலிருந்து எழும்பி, கொஞ்ச நேரம் யோசித்து, இடிபோல் இறங்குகிற தும்மல். மிலிட்டரியின் சொந்த ரத்தத்தில் வந்த தும்மல்.

நாலு வயலுக்கு அந்தப் பக்கம் கொக்குகள் எழும்பின. கேப்டனும் மேஜரும் காதை நிமிர்த்தினார்கள். பழைய குரலைக் கேட்டவர்கள்போல் தாமாகவே திரும்பி, ஆள் இல்லாத கலப்பையை இழுத்துக்கொண்டு, நிதானமாக, அளந்து வைத்த நடையில் அடுத்த சாலுக்குப் போனார்கள். மருமகள் ஓடிப்போய் மேழியைப் பிடித்தாள். அவர் உழுதபோது போட்டதுபோல் சால் நேராக விழுந்தது.

நாத்தனார் அழுதபடியே சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள், இரண்டுக்கும் நடுவே இன்னும் ஒரு தடவை தும்மினாள். பக்கத்து வயலிலிருந்து சேற்றோடு ஏறிவந்த தரகர், அப்ப மாட்டை எப்ப ஓட்டிட்டுப் போறது என்று பயந்துகொண்டே கேட்டார்.

"மாடு வேலையா இருக்குங்க" என்றாள் நாத்தனார். "பார்த்தா தெரியலையா?"

பிறகு செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, டப்பாவோடு வயலுக்குள் இறங்கினாள்.